வலைப்பூ, வாட்ஸ்அப், கோஹா: நூலகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பள்ளி, கல்லூரி நூலகம் என்று பல இடங்களில் வேலை பார்க்கும் நூலகர்கள் பயிற்சிகளிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணினித் துறை ஆட்களுக்காக எழுதியதல்ல. கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த எந்த நூலகருக்கும் புரியும்.

நூலகருக்கு வலைப்பூ எதற்கு? புத்தகம் கொடுத்து வாங்குவதுதானே வேலை?

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை நூலகவியல் படித்த எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அலமாரியில் பத்து வருடமாக யாரும் தொடாத ஒரு நூலுக்கு வாசகர் இருக்கிறார். அடுத்த தெருவில் இருக்கலாம், அடுத்த மாவட்டத்தில் இருக்கலாம். அந்த நூல் நம்மிடம் இருப்பதை அவருக்கு யார் சொல்வது? அவர் தேடுவது கைப்பேசியில். நம் நூலகத்தைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லையென்றால், அவரைப் பொறுத்தவரை அந்த நூலே இல்லை.

அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்கு நூலகம் போக வேண்டும் என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதில்லை. இன்று வாசகர் இருக்கும் இடம் கைப்பேசித் திரை. அங்கே போவதும் நம் வேலைக்குள் வருவதுதான்.

எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்தில் 2006-இல் ஹெலன் புளோவர்ஸ் என்பவர் தன் ஊழியர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். ‘லேர்னிங் 2.0’ என்று பெயர். உலகம் முழுக்க அது ‘23 விஷயங்கள்’ என்றே அறியப்பட்டது. ஒன்பது வாரத்தில் 23 சின்னச் சின்ன வேலைகளைத் தாங்களே செய்து பார்க்க வேண்டும். சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்குவது ஆரம்பத்திலேயே வந்துவிடும். அப்புறம் படம் பகிர்வது, செய்தியோடைகளை (பல தளங்களின் புதுப் பதிவுகள் ஒரே இடத்தில் வந்து சேரும் வசதி) படிப்பது, பலர் சேர்ந்து எழுதும் விக்கியில் எழுதுவது, லைப்ரரிதிங் என்ற புத்தகப் பட்டியல் தளத்தில் புத்தகங்களைச் சேர்ப்பது என்று போகும். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் அதைப் பற்றித் தன் வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் பரிசு.

வகுப்பு, ஆசிரியர், மதிப்பெண் எதுவும் கிடையாது. ‘விளையாடிப் பாருங்கள்’ என்பதுதான் பாடமுறை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்ததால் பல நாட்டு நூலகங்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி நடத்தின. பட்டியலைவிட அதன் முறைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நம் நூலகப் பயிற்சிகளில் பவர்பாயின்ட் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு வீடு திரும்புகிறோம். கை வைத்துச் செய்து பார்த்து, செய்ததை நாலு வரி எழுதினால்தான் மனதில் நிற்கும்.

அந்த 23-இல் பல சேவைகள் இன்று இல்லையே. இப்போது கற்பதும் நாளை மூடப்படுமே?

மூடப்படும். செய்தியோடை படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் போனது. சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014-இல், கூகுள் பிளஸ் 2019-இல். டிக்டாக் 2020-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதில் மட்டுமே பார்வையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் எழுதும் முக்கியமான எதுவும் உங்கள் கையில் ஒரு பிரதியாக இருக்க வேண்டும். பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தால் போதும். சேவை போனாலும் எழுத்து நிற்கும்.

வலைப்பூ, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்: எது வேண்டும்?

எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். நான்கு இடத்தில் கணக்குத் திறந்து, மூன்றில் இரண்டு வருடத்துக்கு முந்தைய குடியரசு தின வாழ்த்தே கடைசிப் பதிவாக நிற்கும் நூலகங்கள் நிறைய.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. வாட்ஸ்அப் இன்றைய செய்திக்கு: ‘நாளை மின்தடை, மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும்.’ ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இந்த வாரச் செய்திக்கு: வாசகர் வட்டக் கூட்டம், புது வரவு, குழந்தைகள் கதை நேரம். ஐந்து வருடம் கழித்தும் ஒருவர் தேடி வந்து படிக்க வேண்டியதை வலைப்பூவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டது நாலு நாளில் மேலே போய்விடும், தேடுபொறிக்கும் தெரியாது. வலைப்பூவில் எழுதியதைத் தேடுபொறி கண்டுபிடிக்கும்.

என் ஆலோசனை: ஒரு வலைப்பூ, ஒரு வாட்ஸ்அப் வழி. இந்த இரண்டும் ஒரு வருடம் ஒழுங்காக ஓடினால் மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.

வலைப்பூவில் என்னதான் எழுதுவது? எனக்கு எழுத வராது.

கட்டுரை எழுத வேண்டாம். நாள்தோறும் வாசகர்களுக்கு வாயால் சொல்லும் பதிலை எழுதினாலே போதும்.

‘குரூப் 4-க்குப் படிக்கிறேன், பழைய பாடத்திட்டப் பாடநூல்கள் இருக்கிறதா?’ என்று வாரம் பத்துப் பேர் கேட்கிறார்களா? எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு பதிவு போடுங்கள். ‘சித்த மருத்துவம் பற்றி என்ன இருக்கிறது?’ அதற்கு ஒன்று. ‘ஐந்து வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட’ என்று இன்னொன்று. இவை எல்லா ஊருக்கும் பொது.

உங்கள் நூலகத்துக்கு மட்டும் சொந்தமானது வேறு. ஒவ்வொரு பழைய நூலகத்திலும் ஓர் அலமாரி இருக்கும். அதில் கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், உள்ளூர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை, இரண்டு இதழோடு நின்றுபோன சிற்றிதழ், ஊர்க்காரர் ஒருவர் சொந்தச் செலவில் அச்சிட்ட தல வரலாறு எல்லாம் கிடக்கும். அவற்றில் பலவற்றுக்கு ஐ.எஸ்.பி.என் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) இருக்காது. சில, வரவுப் பதிவேட்டில்கூட ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும் ‘மலர்’ என்ற ஒரே சொல்லில் முடிந்திருக்கும். உள்ளே யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த ஊரின் ஏரி, கைத்தறி, சந்தை பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவிக்கு வேண்டிய ஒரே கட்டுரை அந்த மலரின் உட்பக்கத்தில் கிடக்கலாம்.

ஒரு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு, பக்கம், உள்ளடக்கத்தில் உள்ள ஒவ்வொரு கட்டுரையின் பெயர், எழுதியவர் பெயர். இதைத் தட்டச்சு செய்து ஒரு பதிவாகப் போடுங்கள். முழு உரை வேண்டாம், உள்ளடக்கம் போதும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யக்கூடியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான், ஏனென்றால் அந்தப் பிரதி உங்களிடம்தான் இருக்கிறது. நூலகர் வலைப்பூ எழுத வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இலங்கைத் தமிழர்கள் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத் திட்டம் நூல்களோடு நிற்கவில்லை. இதழ்கள், நினைவு மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் வரை தேடித் தேடிப் பதிவு செய்தது. ஒரே பிரதியாக இருப்பது போனால் போனதுதான் என்று அறிந்தவர்களின் கவனம் அது.

அறிவிப்பை அழகான போஸ்டராகச் செய்து படமாகப் போடுகிறேன். அது போதாதா?

போதாது. படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. பார்வையற்ற வாசகரின் கைப்பேசி அதைச் சரியாகப் படித்துக் காட்டாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பி.டி.எஃப் ஆக்கிப் போடுவதும் இதே கதைதான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், தெரியும்.

போஸ்டர் போடுங்கள், தடையில்லை. அதே செய்தியை யூனிகோடு தமிழில் கீழே எழுத்தாகவும் போடுங்கள். தேதி, நேரம், இடம், பேசுபவர் பெயர், நூலகத்தின் முழுப் பெயர், ஊர், மாவட்டம். ‘நம் நூலகத்தில்’ என்று மட்டும் எழுதினால் வெளியூர்க்காரர் எந்த நூலகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். காலை வணக்கமும் அரசியல் சண்டையுமாக ஆகிவிட்டது.

குழு என்றால் அப்படித்தான் ஆகும். அதைவிடப் பெரிய பிரச்சினை, குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தேர்வுக்குப் படிக்க வரும் பெண்களின் எண்கள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போவதற்கு நூலகம் காரணமாகக் கூடாது.

2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் இதற்குச் சரியான வழி. நீங்கள் மட்டும் அறிவிப்பீர்கள், தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. சேனலின் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டுப் புத்தகம் கொடுக்கும் மேசையில் ஒட்டிவிடுங்கள். வாசகர் வட்டம் பேசிக்கொள்ளத் தனிக் குழு வேண்டுமென்றால், விருப்பப்பட்டவர்களை மட்டும் சேர்த்து, வட்டத்தின் பொறுப்பாளரே நடத்தட்டும்.

குழந்தைகள் வாசிக்கும் படங்களைப் போடலாமா?

பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வேண்டாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தையாகவே கணக்கில் எடுக்கிறது. முகம் தெரியாமல் முதுகுப்பக்கமிருந்தோ, கையும் புத்தகமுமாகவோ எடுத்தால் படமும் நன்றாக வரும், தொல்லையும் இல்லை.

இதோடு சேர்த்து ஒன்று: யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பது வாசகருக்கும் நூலகருக்கும் இடையில் இருக்க வேண்டியது. பாராட்டுவதற்காகக்கூட அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. மனநலம், சட்டம், நோய் பற்றிப் படிப்பவர்கள் நம்மை நம்பித்தான் வருகிறார்கள்.

எங்களிடம் உள்ள பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா?

முதலில் காப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் மறைந்தவரின் நூல்கள் 2021 ஜனவரி 1 முதல் பொதுவில் வந்துவிட்டன. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் காலத்தையும் பார்க்க வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் பட்டியல் தனி.

காப்புரிமை உள்ள நூலுக்கும் சட்டம் நூலகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, இந்தியாவில் விற்பனையில் இல்லாத நூலை, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதிகள்வரை எடுக்கலாம். அச்சுப் பிரதி கையில் இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். இரண்டுமே நூலகத்துக்குள் வைத்துக்கொள்வதற்குத்தான், இணையத்தில் ஏற்றுவதற்கு இல்லை.

ஸ்கேன் செய்யும் முன் மின்னூலகங்களில் தேடிவிடுங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், விக்கிமூலம் இவற்றில் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் வலைப்பூவில் இணைப்புக் கொடுத்தால் போதும். இல்லாததை 300 டி.பி.ஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) துல்லியத்தில் எடுங்கள். எழுத்துணரியில் (படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவில் இருக்கும். அங்கே பிழை அதிகம் வரும். மெய்ப்புப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

கோஹா என்கிறார்களே, அது என்ன? எங்களால் முடியுமா?

நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலக அறக்கட்டளைக்கு 1999-இல் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் வைத்திருந்த பழைய நூலக மேலாண்மை மென்பொருள் 2000-ஆம் ஆண்டுத் தேதிகளைக் கையாளாது. புதியது வாங்கினால் கட்டுப்படியாகாது. கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற சிறு நிறுவனத்தை வைத்துத் தாங்களே ஒன்றை எழுதச் செய்து, யாரும் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. கிராமத்து நூலகங்களுக்காகப் பிறந்த அந்தக் கோஹா இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. தமிழ்நாட்டிலும் பல கல்லூரிகளில் இருக்கிறது.

நூல் பட்டியல், உறுப்பினர், வழங்கல், அபராதம், இதழ் வரவு எல்லாம் அதில் உண்டு. வாசகர் வீட்டிலிருந்தே தேடும் இணையப் பட்டியலும் உண்டு. மென்பொருள் இலவசம், நடத்துவது இலவசமல்ல. லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும், தினசரி காப்புப்பிரதி வேண்டும், கல்லூரிக்கு வெளியே தெரிய வேண்டுமென்றால் சர்வர் வாடகை வேண்டும். அது முடியாத அரசு நூலகங்களுக்கு தேசியத் தகவல் மையத்தின் இ-கிரந்தாலயா மென்பொருள் இருக்கிறது.

மென்பொருளை நிறுவுவது இரண்டு நாள் வேலை. தரவு ஏற்றுவதுதான் வருடக் கணக்கில் இழுக்கும். புதிய ஆங்கில நூலுக்கு ஐ.எஸ்.பி.என் அடித்தால் விவரம் தானே வந்து விழும். தமிழ் நூலுக்குப் பெரும்பாலும் வராது. இங்கே ஓர் உதவி: அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் அறுபதுகளிலிருந்தே தமிழ் நூல்களைத் தொடர்ந்து வாங்கிப் பட்டியலிட்டு வருகிறது. பிற நூலகங்களின் பட்டியலிலிருந்து விவரம் எடுக்கும் கோஹாவின் இசட் 39.50 வசதி வழியாக அந்தப் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் உரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளி கோடுகளோடு இருக்கும். தமிழ் எழுத்து வடிவம் எல்லாப் பதிவுகளிலும் இருக்காது. பக்கத்தில் நீங்கள் சேர்க்கத்தான் வேண்டும். தமிழ் வாசகர் தமிழில்தான் தேடுவார்.

கோஹாவில் தமிழில் தேடினால் புத்தகம் இருந்தும் வரவில்லை. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது அமைப்பு. கோஹாவின் ஸீப்ரா தேடுபொறி வழக்கமாக வரும் அமைப்பில் இந்திய மொழிகளைச் சரியாகக் கையாளாது. பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு முறைக்கு மாற்றி மறுபடி அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள். அல்லது எலாஸ்டிக்சர்ச் என்ற வேறு தேடுபொறிக்கு மாறலாம்.

இரண்டாவது தட்டச்சு. ‘ஔவையார்’ என்பதை ஒருவர் ‘ஔ’ என்ற ஓர் எழுத்தாகவும் இன்னொருவர் ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகவும் அடிப்பார். திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல் உண்டு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவில் இந்தக் குழப்பம் நிறைய இருக்கும். ஒற்று இன்னொரு தொல்லை: ‘சிறுகதைத் தொகுப்பு’ என்று நீங்கள் ஏற்றியிருக்க, வாசகர் ‘சிறுகதை தொகுப்பு’ என்று தேடுவார். சொல்லின் முன்பகுதியை மட்டும் வைத்துத் தேடும் வசதியை இயக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது பெயர். புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்றும், சுஜாதாவை எஸ். ரங்கராஜன் என்றும் யாராவது ஏற்றியிருந்தால் நூல்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். முன்னெழுத்தை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம். ஆசிரியர் பெயருக்கு ஓர் ஆதாரக் கோப்பு உருவாக்கி, ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, மற்றவற்றிலிருந்து அதற்குச் சுட்டுங்கள். சலிப்பான வேலைதான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காவது விதி இந்த மாதிரி இடங்களில்தான் நிறைவேறுகிறது.

ஆர்.எஃப்.ஐ.டி (புத்தகத்தில் ஒட்டும் ரேடியோ அலைச் சில்லு) போடலாமா?

கூட்டம் அலைமோதும் பெரிய நூலகமென்றால் யோசிக்கலாம். நாளொன்றுக்கு ஐம்பது புத்தகம் போய்வரும் கிளை நூலகத்துக்குப் பார்கோடு போதும். அந்தப் பணத்துக்குப் புத்தகமும் நல்ல நாற்காலியும் மின்விசிறியும் வாங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் புத்தகப் பட்டியல் கேட்கலாமா?

கேட்கலாம், சரிபார்க்காமல் வாசகரிடம் கொடுக்கக் கூடாது. தமிழ் நூல்கள் விஷயத்தில் அது இல்லாத தலைப்பைச் சொல்லும், இருக்கும் தலைப்பை வேறொருவர் பெயரில் சொல்லும், அதுவும் தயங்காமல் சொல்லும். உங்கள் பட்டியலிலோ பதிப்பாளர் பட்டியலிலோ கண்ணால் பார்த்த நூலை மட்டும் பரிந்துரையுங்கள். அறிவிப்பை எளிமையாக்க, நீங்கள் எழுதியதில் பிழை பார்க்க அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

நான் ஒரே ஆள். பெருக்குவதிலிருந்து பதிவேடு வரை நானே. நேரம் எங்கே?

உண்மைதான், பல ஊர்ப்புற நூலகங்களில் அதுதான் நிலைமை. வாரம் ஒரு பதிவு போதும், பத்து வரி போதும். வாசகர் வட்டத்தில் தமிழ்த் தட்டச்சு தெரிந்த கல்லூரி மாணவர் யாராவது கிடைப்பார். மலர்களின் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்ய அவரைக் கேளுங்கள், பதிவில் அவர் விரும்பினால் பெயரும் போடுங்கள். நீங்கள் சரிபார்த்து வெளியிட்டால் போதும்.

அனுமதி வாங்க வேண்டுமா? எனக்கு மாற்றல் வந்தால் கணக்கு என்ன ஆகும்?

நூலகத்தின் பெயரில் தொடங்குவதாக இருந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன போடுவீர்கள், என்ன போட மாட்டீர்கள் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் முடிவெடுப்பது எளிது.

கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். நூலகத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், அதற்கென்று ஒரு கைப்பேசி எண். மாற்றல் ஆகும்போது சாவியையும் வரவுப் பதிவேட்டையும் ஒப்படைக்கும் அதே பட்டியலில் கடவுச்சொல், தரவிறக்கிய பதிவுகளின் பென்டிரைவ், கோஹா காப்புப்பிரதி இருக்கும் இடம் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதிதாக வருபவர் உட்கார்ந்து ஒரு பதிவு போடும்வரை பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.